ஃபோர்ட்ரான்: வேக எண் கணிப்புக்கான நிலைவகை மொழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்ட்ரான் எந்தத் தேவைக்காக உருவாக்கப்பட்டது?

அறிவியல், பொறியியல் கணக்குகளைச் சூத்திர வடிவிலேயே எழுதவும், அவ்வாறு எழுதியது தேர்ந்த ஒருவர் கையால் எழுதிய இயந்திர மொழிக்கு இணையான வேகத்தில் ஓடவும் வேண்டும் என்ற இரட்டை நோக்கத்துடன், ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு இதை வடிவமைத்தது. திட்டம் 1953-ஆம் ஆண்டின் இறுதியில் முன்மொழியப்பட்டது. ஐபிஎம் 704 கணினிக்கான முதல் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) 1957 ஏப்ரலில் பயனர்களுக்குக் கிடைத்தது.

முதல் நோக்கத்தைவிட இரண்டாவதே கடினமானது. 704-க்கு முந்தைய கணினிகளில் தசமப் புள்ளி எண்களின் கூட்டலும் பெருக்கலும் மென்பொருளால் செய்யப்பட்டன. அவற்றுக்கே பெரும்பாலான நேரம் செலவானதால், தானியங்கி நிரலாக்க முறைகளின் மந்தம் அதற்குள் மறைந்து கிடந்தது. 704 கணினியில் அந்தக் கணக்குகளை வன்பொருளே செய்யத் தொடங்கியதும் அந்த மறைப்பு விலகிவிட்டது. கம்பைலர் உருவாக்கும் குறிமுறை மெதுவாக இருந்தால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள் என்று குழுவினர் கருதினர். எனவே அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி மொழியின் இலக்கணத்தை வகுப்பதில் செல்லாமல், கம்பைலர் வேகமான குறிமுறையை உருவாக்கச் செய்யும் உகப்பாக்கத்தில் சென்றது. நிரலின் எந்தப் பகுதி எத்தனை முறை ஓடக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்த 704-இல் இருந்த மூன்றே மூன்று குறியீட்டுப் பதிவேடுகளை (செயலிக்குள் உள்ள சிறு நினைவிடங்களை) அதற்கேற்பப் பங்கிடும் வேலையை முதல் கம்பைலரே செய்தது. அந்த மதிப்பீட்டுப் பகுதியை எழுதியவர் குழுவில் இருந்த லோயிஸ் ஹெய்ப்ட். இம்மொழியின் பிற்கால வரலாறு முழுவதிலும் அந்த முதல் அக்கறையின் தடம் தெரியும்.

நிலைவகை மொழி என்றால் என்ன? வேகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஒவ்வொரு மாறியும் முழு எண்ணா, மெய்யெண்ணா, சிக்கலெண்ணா, எழுத்துச் சரமா என்பது நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும் மொழி நிலைவகை மொழி எனப்படும். இயங்குவகை மொழியில் இரண்டு மாறிகளைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், அவற்றில் இப்போது இருப்பது என்ன வகை, அதற்குரிய கூட்டல் எது என்று நிரல் ஓடும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டலுக்கு இது பொருட்டில்லை. ஒரு லூப்பில் நூறு கோடி கூட்டல்கள் இருந்தால், கணக்கைவிட விசாரணைக்கே அதிக நேரம் ஆகும்.

வகை முன்பே தெரிந்துவிட்டால் கம்பைலர் அந்த இடத்தில் ஒரே ஓர் இயந்திரக் கட்டளையை இட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதற்கும் மேலாக, அடுத்தடுத்து இருக்கும் நான்கு அல்லது எட்டு எண்களை ஒரே கட்டளையில் கூட்டும் திசையன் வசதி இன்றைய செயலிகளில் இருக்கிறது. எண்கள் அனைத்தும் ஒரே வகை, ஒரே அளவு, இடைவெளியின்றி வரிசையாக உள்ளவை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே கம்பைலரால் அதைப் பயன்படுத்த முடியும். வகை அறிவிப்பைப் பிழை தடுக்கும் கருவியாக மட்டும் பார்ப்பவர்கள் இதன் பாதிப் பயனைத்தான் பார்க்கிறார்கள்.

சி, சி++ ஆகியவையும் நிலைவகை மொழிகள்தாமே? ஃபோர்ட்ரான் அவற்றைவிட எவ்வாறு வேகமாக இருக்க முடியும்?

இக்கேள்விக்கான விடை வகையில் இல்லை. ஒரே நினைவிடத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாமா என்ற விதியில் இருக்கிறது.

மூன்று அணிகளை (எண்களின் வரிசைகளை) பெற்று, இரண்டாவதையும் மூன்றாவதையும் உறுப்பு வாரியாகக் கூட்டி முதலாவதில் இடும் ஒரு சிறிய செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் இவை மூன்றும் வெறும் சுட்டிகளாக (நினைவக முகவரிகளாக) வந்து சேரும். முதல் அணியில் எழுதப்படும் இடமே இரண்டாம் அணியின் அடுத்த உறுப்பாகவும் இருக்கலாம். மொழி அதைத் தடுக்கவில்லை. ஆகவே கம்பைலர், ஓர் உறுப்பை எழுதிய பின் அடுத்த உறுப்பை மறுபடியும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும், அல்லது அணிகள் ஒன்றன்மீது ஒன்று படிகின்றனவா என்று நிரல் ஓடும்போது சோதிக்கும் கூடுதல் குறிமுறையைச் சேர்க்க வேண்டும். ஃபோர்ட்ரானில், ஒரு துணைச்செயல்பாட்டுக்கு வரும் உள்ளீடுகளில் ஒன்று மாற்றப்படுமானால், அதே இடத்தை வேறொரு பெயர் வழியாக அணுகக் கூடாது என்பது மொழியின் விதி. சுட்டி என்றோ, சுட்டியின் இலக்கு என்றோ வெளிப்படையாக அறிவித்தவற்றுக்கே விலக்கு உண்டு. இந்த விதியைக் கம்பைலர் பெரும்பாலும் சோதித்துப் பார்ப்பதில்லை, நம்புகிறது. அந்த நம்பிக்கையில் எட்டு உறுப்புகளை ஒன்றாகப் படித்து, ஒன்றாகக் கூட்டி, ஒன்றாக எழுதிவிடுகிறது. விதியை மீறினால் விடை தவறாக வரலாம், பிழைச் செய்தி வராமலும் போகலாம் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரம் இதே உறுதியை ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லால் தர வழிசெய்தது. அதைக் கவனமாக எழுதிய சி நிரலும் நல்ல ஃபோர்ட்ரான் நிரலும் பெரும்பாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒரே நிறுவனத்தின் கம்பைலர்களில், இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் பின்பகுதி இரண்டுக்கும் பொதுவானதாகவே இருக்கும். ஆகையால் ‘ஃபோர்ட்ரான் எப்போதும் வேகமானது’ என்று சொல்வது மிகை. தேர்ந்த சி நிரலாளர் முயன்று பெறும் வேகத்தை, இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு நிரலாக்கத்தைத் துணைக் கலையாகக் கற்ற ஒருவர் முயலாமலே பெறுகிறார் என்பதுதான் துல்லியமான கூற்று.

இரு பரிமாண அணிகள் நினைவகத்தில் எந்த வரிசையில் இருக்கும்?

நெடுவரிசை வரிசையில். முதல் நெடுவரிசையின் உறுப்புகள் அனைத்தும் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட பிறகே இரண்டாம் நெடுவரிசை தொடங்கும். சி மொழியும், இயல்பு நிலையில் பைதான் மொழியின் எண்கணிப்பு நூலகமான நம்பையும் கிடைவரிசையை முதலில் அடுக்குகின்றன. குறியீட்டெண் ஃபோர்ட்ரானில் இயல்பாக 1-இலிருந்து தொடங்கும். வேண்டுமானால் 0-இலிருந்தோ −5-இலிருந்தோ தொடங்குமாறு அறிவிக்கலாம். ஒரு புள்ளிக்கு இருபுறமும் உள்ள வலைக்கண்ணிகளைக் கையாளும்போது இவ்வசதி மிகவும் உதவும்.

இந்த வரிசையைக் கவனிக்காமல் எழுதுவதே புதியவர்களின் நிரல் மெதுவாக ஓடுவதற்கு மிகப் பொதுவான காரணம். 1000-க்கு 1000 அளவுள்ள இரட்டைத் துல்லிய (எண்ணுக்கு 8 பைட்) அணி ஒன்று 80 லட்சம் பைட் கொள்ளும். செயலி நினைவகத்திலிருந்து எண்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவதில்லை; வழக்கமாக 64 பைட், அதாவது எட்டு எண்களை ஒரே நடையில் கொண்டுவருகிறது. உள் லூப் முதல் குறியீட்டெண்ணின்மீது ஓடினால் அந்த எட்டும் பயன்படும். உள் லூப் இரண்டாம் குறியீட்டெண்ணின்மீது ஓடினால் ஒவ்வோர் அடியும் 8000 பைட் தாண்டும். மளிகைக் கடைக்கு நடந்துபோய், எட்டுப் பொருள்களைத் தூக்கிவந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏழைத் தெருவில் போட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போவதற்கு அது சமம். சில கம்பைலர்கள் உயர்ந்த உகப்பாக்க நிலையில் லூப்களின் வரிசையைத் தாமே மாற்றிவிடும் என்றாலும் அதை நம்பி எழுதுவது சரியன்று. உள் லூப்பில் இடப்புறக் குறியீட்டெண் என்பதை விதியாகவே கொள்ளலாம்.

அணியின் ஒரு துண்டைத் துணைச்செயல்பாட்டுக்கு அனுப்பும்போதும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு நெடுவரிசையை அனுப்பினால் அது இடைவெளியில்லாத துண்டு. ஒரு கிடைவரிசையை, பழைய பாணியில் அளவு குறித்து அறிவிக்கப்பட்ட உள்ளீட்டுக்கு அனுப்பினால், கம்பைலர் சத்தமில்லாமல் ஒரு தற்காலிக நகலை எடுத்து அனுப்பி, திரும்பியதும் மீண்டும் நகலெடுக்கும். இத்தகைய நகல்களைக் கண்டால் எச்சரிக்கும் விருப்பம் ஜிஃபோர்ட்ரான் என்ற இலவசக் கம்பைலரில் உண்டு.

பெரிய எழுத்துகளும் 72-ஆம் கட்டத்தில் முடியும் வரிகளும் இன்னும் இருக்கின்றனவா?

கட்டாயமில்லை. அவை 80 கட்டங்கள் கொண்ட துளை அட்டையின் எச்சங்கள்: முதல் ஐந்து கட்டங்கள் வரி எண்ணுக்கும், ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கும், 7 முதல் 72 வரை கட்டளைக்கும், மீதி அட்டைகளின் வரிசை எண்ணுக்கும் உரியவையாக இருந்தன. ஃபோர்ட்ரான் 90 தரம் கட்டற்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. அதனுடன் மாட்யூல்கள் (செயல்பாடுகளையும் மாறிகளையும் ஒன்றாகத் தொகுக்கும் அலகுகள்), முழு அணிகளின்மீதான செயல்கள், தேவைப்படும்போது ஒதுக்கப்படும் அணிகள் ஆகியவையும் வந்தன. 2003-ஆம் ஆண்டுத் தரம் பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் சி மொழியுடன் பேசுவதற்கான முறையான வழியையும், 2008-ஆம் ஆண்டுத் தரம் இணைக் கணிப்பையும் சேர்த்தன. அண்மைய தரம் 2023-இல் வெளியானது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடக்குறிப்புகளில் பல 1977-ஆம் ஆண்டுத் தரத்தோடு நின்றுவிடுகின்றன. அவற்றைக் கொண்டு கற்கத் தொடங்க வேண்டாம்.

வகையை அறிவிக்காவிட்டாலும் நிரல் கம்பைல் ஆகிறதே, ஏன்?

மாறியின் வகையை அறிவிக்காதபோது, அதன் பெயர் ஆங்கில அகரவரிசையில் ஐ முதல் என் வரையுள்ள எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் முழு எண், மற்ற எழுத்துகளில் தொடங்கினால் மெய்யெண் என்பது முதல் பதிப்பிலிருந்தே வரும் உள்ளுறை விதி. கணிதத்தில் ஐ, ஜே, கே ஆகியவற்றைக் குறியீட்டெண்களாக எழுதும் வழக்கத்தை ஒட்டி அமைந்தது அது. இன்று அது வெறும் பொறி. மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் மொழி அதைப் புதிய மாறியாக ஏற்றுக்கொண்டுவிடும். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் ‘இம்ப்ளிசிட் நன்’ என்று எழுதி இந்த விதியை முடக்க வேண்டும். இதில் விருப்பத் தேர்வுக்கு இடமில்லை என்பதே என் கருத்து.

இதையொட்டி ஒரு கதை பரவலாக உலவுகிறது. பழைய வடிவத்தில் இடைவெளிகளுக்குப் பொருளில்லை; ஆகவே, ஒரு மாறி 1 முதல் 10 வரை செல்லுமாறு எழுதிய லூப் கட்டளையில் காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி விழுந்துவிட்டால், கட்டளைச் சொல், வரி எண், மாறி ஆகிய மூன்றும் ஒட்டி ஒரு புதிய மெய்யெண் மாறியாகி, அதில் 1.10 என்ற மதிப்பு இடப்படும், லூப் சுழலாது. இது உண்மையில் நிகழக்கூடிய பிழை. ஆனால் 1962 ஜூலையில் மரைனர் 1 விண்கலம் அழிக்கப்பட்டதற்கு இதுவே காரணம் என்பது தவறு. அங்கே விடுபட்டது, வழிகாட்டுச் சமன்பாட்டில் ஒரு குறியின் மேலிருக்க வேண்டிய கோடு.

ஒற்றைத் துல்லியம், இரட்டைத் துல்லியம் ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை எவை?

ஒற்றைத் துல்லிய மெய்யெண் ஏறத்தாழ 7 தசம இலக்கங்களையும், இரட்டைத் துல்லியம் 15 முதல் 16 இலக்கங்களையும் காக்கும். ஒரு மாறியை இரட்டைத் துல்லியம் என்று அறிவித்துவிட்டு அதில் 0.1 என்று மட்டும் இட்டால், மாறியில் இருப்பது 0.10000000149 என்பதாகவே இருக்கும். ஏனெனில் வலப்பக்கத்தில் எழுதிய மாறிலி தன்னளவில் ஒற்றைத் துல்லியம், இடப்பக்கத்தைப் பார்த்து அது தன்னை மாற்றிக்கொள்ளாது. மாறிலிக்கும் துல்லியக் குறியை ஒட்டியே எழுத வேண்டும். எட்டாம் இலக்கத்துக்குப் பின் விடை விலகுகிறது என்று வரும் வினாக்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

துல்லியத்தைக் குறிக்க 8 என்று எண்ணால் எழுதும் பழக்கமும் நல்லதன்று. பல கம்பைலர்களில் அது 8 பைட்டைக் குறித்தாலும், தரம் அதற்கு உறுதி தரவில்லை. நாக் நிறுவனத்தின் கம்பைலர் இயல்பாக 1, 2 என்றே எண்ணுகிறது. 2008-ஆம் ஆண்டுத் தரத்தின் உள்ளமைந்த மாட்யூலில் 32, 64 பிட் வகைகளுக்கென்றே பெயர்கள் உள்ளன, அவற்றைப் பயன்படுத்தலாம்.

புதியவர்கள் வேறு எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள்?

முழு எண் வகுத்தலில். 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0 வரும் என்பது பலருக்குத் தெரியும். முழு எண் 2-இன் −1-ஆம் அடுக்கும் 0-தான் என்பது சிலருக்கே தெரியும்.

அடுத்தது இதைவிடக் கொடியது. துணைச்செயல்பாட்டுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும் வரியிலேயே அதற்குத் தொடக்க மதிப்புக் கொடுத்தால், அந்த மதிப்பு முதல் அழைப்புக்கு முன் ஒரே ஒரு முறைதான் இடப்படும்; பின்வரும் அழைப்புகளில் மாறி பழைய மதிப்பைச் சுமந்துகொண்டே வரும். சி மொழியில் பழகியவர்கள் ஒவ்வோர் அழைப்பிலும் கூட்டுத்தொகை 0-இலிருந்து தொடங்கும் என்று எதிர்பார்ப்பார்கள்; முதல் சோதனையில் சரியான விடையும் வரும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பிடுதலை அடுத்த வரியிலும் எழுதுவதே தீர்வு.

பெரிய அணியைத் துணைச்செயல்பாட்டின் உள்ளூர் மாறியாக அறிவித்தால் அடுக்கு நினைவகம் (ஸ்டாக்) நிரம்பி நிரல் விளக்கமின்றி நின்றுவிடலாம். ஒதுக்கீட்டு அணியாக அறிவித்தால் அது பொது நினைவகத்தில் (ஹீப்) இடம்பெறும். செயல்பாடு முடிந்ததும் மொழியே அதை விடுவித்துவிடும்.

பைதானும் நம்பையும் இருக்கும்போது இதைக் கற்க வேண்டுமா?

பைதானில் நேர்கோட்டுச் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க நம்பையை அழைக்கும்போது, வேலை லாபேக் நூலகத்தின் வழிமுறைக்கே சென்று சேர்கிறது. லாபேக் 1992-இல் ஃபோர்ட்ரானில் வெளியானது; அதன் அடித்தளமான பிளாஸ் 1979-இல் ஃபோர்ட்ரான் துணைச்செயல்பாடுகளின் தொகுப்பாக வரையறுக்கப்பட்டது. இவ்விரண்டிலும் பெரும்பங்கு வகித்த ஜாக் டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளின் முதல் வடிவத்தையும் கிளீவ் மோலர் ஃபோர்ட்ரானில்தான் எழுதினார். ஆகவே கணக்கு முழுவதையும் இத்தகைய ஆயத்த அழைப்புகளாகப் பிரிக்க முடியுமானால் பைதானே போதும்.

பிரிக்க முடியாத கணக்குகள் உண்டு. ஒரு கண்ணியின் புதிய மதிப்பு அதே சுற்றில் கணக்கிட்ட அண்டைக் கண்ணியைச் சார்ந்திருக்கும்போது, அல்லது ஒவ்வொரு துகளுக்கும் வெவ்வேறு கிளை விதிகள் பொருந்தும்போது, லூப்பை வெளிப்படையாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. தூய பைதான் லூப் அங்கே தாங்காது. அந்த உள் லூப்பை மட்டும் ஃபோர்ட்ரானில் எழுதி, நம்பையுடன் வரும் எஃப்2பை கருவியால் பைதான் மாட்யூலாக மாற்றிக்கொள்ளலாம். இரு பரிமாண அணியை நெடுவரிசை வடிவில் உருவாக்கி அனுப்பாவிட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் முழு அணியும் நகலெடுக்கப்படும் என்பதை மறக்கக் கூடாது.

ஜூலியாவும் இதே இடைவெளியை நிரப்ப வந்த நல்ல மொழி. அது இயங்குவகை மொழியாக இருந்தும், ஓடும்போதே வகைகளைக் கண்டறிந்து இயந்திரக் குறிமுறையாக்குகிறது. புதிதாக ஒரு திட்டத்தைத் தனியாளாகத் தொடங்குவோர் அதையும் பரிசீலிக்கலாம்.

இன்று இம்மொழி எங்கே உயிரோடு இருக்கிறது?

வானிலை, காலநிலை மாதிரிகளில் முதன்மையாக. அமெரிக்காவில் உருவான டபிள்யூஆர்எஃப் மாதிரியும் பிரிட்டன் வானிலைத் துறையின் ஒருங்கிணைந்த மாதிரியும் பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. நொய்டாவில் உள்ள தேசிய இடைக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரிகளில் ஒன்று அந்த பிரிட்டன் மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. திண்மப் பொருள்களின் எலெக்ட்ரான் அமைப்பைக் கணிக்கும் வாஸ்ப், குவான்டம் எஸ்பிரெசோ போன்ற நிரல்களும் இம்மொழியில் உள்ளன.

இணைக் கணிப்புக்கு எந்த வழிகள் உண்டு?

ஒரே கணினியின் பல கருக்களுக்கு (கோர்) ஓப்பன்எம்பி, பல கணினிகளுக்கு எம்பிஐ என்பது நிலைபெற்ற வழி; 1997-இல் வெளியான ஓப்பன்எம்பியின் முதல் வரையறையே ஃபோர்ட்ரானுக்காக எழுதப்பட்டதுதான். மொழிக்குள்ளேயே, கோஅரே என்ற வசதியால் ஓர் அணியைப் பல செயல்முறைகளுக்குப் பகிர்ந்து, சதுர அடைப்புக்குறிக்குள் செயல்முறை எண்ணைக் குறித்து அதன் உறுப்பை அணுகலாம். அழகான வடிவமைப்பு, ஆனால் கம்பைலர்களின் ஆதரவு சீராக இல்லாததால் பெரிய திட்டங்கள் எம்பிஐயை விட்டு நகரவில்லை. சுற்றுகளுக்கிடையே சார்பு இல்லை என்று அறிவிக்கும் ‘டூ கன்கரண்ட்’ லூப்பை என்விடியாவின் கம்பைலர் நேரடியாக ஜிபியு எனும் வரைகலைச் செயலியில் ஓட்டும்.

எந்தக் கம்பைலரைத் தேர்ந்தெடுப்பது?

ஜிசிசி என்ற திறந்த மூலக் கம்பைலர் தொகுப்பில் 2005 முதல் இருந்துவரும் ஜிஃபோர்ட்ரான் இலவசமானது, எல்லா இயங்குதளங்களிலும் கிடைப்பது. தொடங்குவதற்கு அதுவே ஏற்றது. இன்டெல் தன் பழைய கம்பைலரை 2024-இல் நிறுத்திவிட்டு, எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் கட்டமைப்பின் அடிப்படையிலான புதியதை இலவசமாகத் தருகிறது. எல்எல்விஎம் திட்டத்தின் சொந்தக் கம்பைலரான ஃபிளாங்கும் வளர்ந்துவருகிறது. இயன்றால் நிரலை இரண்டு கம்பைலர்களிலாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று விட்டுவிடும் தவற்றை மற்றது பிடிக்கும்.

எவற்றுக்கு இம்மொழி பொருந்தாது?

எழுத்துச் சரங்களை வெட்டி ஒட்டும் வேலை, இணையச் சேவை, வரைகலை இடைமுகம் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அகராதி, நீளும் பட்டியல் போன்ற தரவமைப்புகள் மொழியில் ஆயத்தமாக இல்லை. வெவ்வேறு வகைகளுக்குப் பொதுவான ஒரே செயல்பாட்டை எழுதும் வசதியும் மிகப் பலவீனமானது. ஒற்றைத் துல்லியத்துக்கும் இரட்டைத் துல்லியத்துக்கும் ஒரே குறிமுறையை இருமுறை எழுத நேர்கிறது. நிலைவகை மொழிகளில் இவ்வளவு காலம் கழித்தும் இக்குறை நீடிப்பது வருந்தத்தக்கது.

எங்கள் ஆய்வகத்தில் ஃபோர்ட்ரான் 77 நிரல் ஒன்று இருக்கிறது. அதை மாற்றி எழுத வேண்டுமா?

அது சரியான விடையைத் தந்துகொண்டிருந்தால், மாற்றி எழுதுவதற்கு அதன் வயது மட்டும் காரணமாகாது. இன்றைய கம்பைலர்கள் அதைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் விடை தெரிந்த சில உள்ளீடுகளைச் சோதனைத் தொகுப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, அணியின் எல்லையை ஒவ்வோர் அணுகலிலும் சோதிக்கும் விருப்பத்தை இயக்கிப் பழைய நிரலையே ஓட்டிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் ‘சரியாக’ ஓடிய நிரல்கள் இங்கே நின்றுவிடுவதுண்டு. அதன் பின் துணைச்செயல்பாடுகளை மாட்யூலுக்குள் கொண்டுவந்தால், அழைக்கும் இடத்தில் வகையும் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று கம்பைலரே சரிபார்க்கத் தொடங்கும். பொதுத் தொகுதி எனப்படும் பகிர்வு மாறிகளை இறுதியில் தொடலாம். அவற்றில் ஒரே இடத்தை வெவ்வேறு கோப்புகள் வெவ்வேறு வகையாகப் படிப்பது அக்கால வழக்கம், அவசரப்பட்டால் அங்கேதான் உடையும்.

புதிய வடிவத்தின் விடைகள் பழையதோடு கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூட்டும் வரிசை மாறினாலே கடைசி ஓரிரு இலக்கங்கள் மாறும். உங்கள் கணக்குக்கு எவ்வளவு வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதை, மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்து எழுதிவைத்துவிடுங்கள்.